குழந்தைக்கு வந்த நீரிழிவு: ஓராண்டுக் கணக்கு

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஒருவர். காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பவர். விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி வேகமாக நடப்பவர். பத்து வயதுச் சிறுவனுக்கும் நீரிழிவு வரும் என்று சொன்னால், "இத்தனை சிறு வயதிலா? மிட்டாய் மிகுதியாகத் தின்றானோ?" என்று வியப்பவர்களே பலர். 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரையிலான ஓராண்டில் இக்கேள்வியை நான் எத்தனை பேரிடமிருந்து கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. கேட்டவர்கள் யாவரும் அன்பர்களே. அக்கேள்விக்கு விடை கூறுவதும், அவ்வாண்டில் தில்லியிலுள்ள எங்கள் வீட்டில் நிகழ்ந்தவற்றுள் பிற பெற்றோருக்குப் பயன்படக் கூடியவற்றை எடுத்துரைப்பதுமே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். இரைப்பைக்குப் பின்புறத்தில் கணையம் என்னும் உறுப்பு ஒன்று உண்டு. 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர், நுண்ணோக்கியின் வழியே அவ்வுறுப்பினுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடந்த அணுக்கூட்டங்களைக் கண்டு எழுதி வைத்தார். அவை எதற்காக உள்ளன என்பது அவருக்குத் தெரியாது. இன்சுலின் என்னும் சுரப்பு அவற்றிலிருந்தே பிறக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நாம் உண்ணும் சோறும் இட்லியும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அச்சர்க்கரை தசைகளுக்குள் புகுவதற்கு இன்சுலின் வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும். ஆனால் போதியவாறு வேலை செய்யாது. குழந்தைகளிடம் பெரிதும் காணப்படும் முதல் வகையிலோ, நோய்க் கிருமிகளோடு போரிட வேண்டிய உடலின் காவற்படை, ஏதோ ஒரு தடுமாற்றத்தால் தன் வீட்டு மக்களையே தாக்குவதுபோல, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. தாய் கருவுற்றிருந்தபோது உண்டதற்கும் தொடர்பில்லை.

இன்சுலின் இல்லாத உடலின் நிலை விந்தையானது. குருதியில் சர்க்கரை நிரம்பியிருக்கும். உடலோ பட்டினி கிடக்கும். ஏரியில் நீர் தளும்பி நிற்க, மதகு திறவாமையால் வயலில் பயிர் வாடுவதற்கு இதனை ஒப்பிடலாம். மிகுதியான சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும். போகையில் உடலின் நீரையும் இழுத்துச் செல்லும். ஆகவே ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, சோர்வு. படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்டுவிட்ட குழந்தை மறுபடியும் நனைக்கத் தொடங்கும். இந்நிலை நீடித்தால் உடல் தன் கொழுப்பையே எரிக்க முற்படும்; அதனால் உண்டாகும் அமிலம் குருதியில் தேங்கும். அப்போது வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் அழுகிய பழத்தின் மணம் ஆகியவை தோன்றும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் காலம் கழிப்பது இக்கட்டத்தில் உயிருக்கே ஆபத்து. மேற்கூறிய குறிகளுடன் ஒரு குழந்தை வாந்தியெடுத்தால், விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இப்பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு அவ்வாறே நோய் தெரிய வந்தது. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் என்ற, அதற்குமுன் கண்டிராத உயரத்திற்குப் பெருகியதே, அந்த வாரம். பள்ளிகள் மூடியிருந்தன. பேட்டை மருத்துவர் அவனுடைய நாக்கைப் பார்த்தார், மூச்சை முகர்ந்தார், விரலைக் குத்தினார். ஒரு டெசிலிட்டர் குருதியில் 480 மில்லிகிராம் சர்க்கரை என்று கருவி காட்டியது. அன்றிரவே பெரிய மருத்துவமனையில் சேர்த்து, இரு கைகளிலும் குழாய் பொருத்தி, நீரும் உப்பும் இன்சுலினும் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார்கள். மிக வேகமாகச் சரிசெய்வதும் மூளைக்குத் தீங்காதலால் மணிக்கொரு முறை குருதியைப் பார்த்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினோம். திரும்பும்போது கையில் ஒரு குளிர்ப்பையும் ஒரு குறிப்பேடும் இருந்தன.

இங்கே சற்று நின்று பழங்கதை ஒன்றை நினைப்பது தகும். ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர் அளிக்கக் கூடியது பட்டினி ஒன்றே. அதுவும் சில மாதங்களை நீட்டித்துத் தந்ததேயன்றி உயிரைக் காக்கவில்லை. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவர், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். கோலிப் என்பவர் அதனைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்ற விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டனர். பேன்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் அது குழந்தைகள் நாளும் ஆகும். 2023-ல் தீபாவளிக்கு இரண்டாம் நாள் அது வந்தது. புகைமூட்டம் காரணமாகத் தில்லிப் பள்ளிகள் அப்போது மூடியிருந்தமையால், குழந்தைகள் நாளை எங்கள் மகன் வீட்டிலேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு துண்டு மைசூர்ப்பாகுடன் கழித்தான்.

மைசூர்ப்பாகா என்று திகைக்க வேண்டாம். இனிப்பு அடியோடு விலக்கு என்பது பழைய காலத்து முறை. ஆரோக்கியமானவர்களுடைய கணையம், அவர்கள் கேட்காமலே, ஒவ்வொரு கவளத்துக்கும் வேண்டிய இன்சுலினை அளந்து ஊற்றிவிடுகிறது. அதே அளவையை எங்கள் வீட்டில் தாளும் பென்சிலும் கொண்டு செய்கிறோம், இதுவே வேறுபாடு. நாள் முழுவதற்கும் நின்று வேலை செய்யும் இன்சுலின் ஒரு முறை. உணவுக்கு முன் விரைவில் வேலை செய்யும் இன்சுலின் மூன்று முறை. தட்டில் உள்ள மாவுச்சத்து எத்தனை கிராம் என்று கணித்து, அப்போதுள்ள சர்க்கரை அளவைப் பார்த்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவன் பாடம் படிப்பானா பந்து விளையாடுவானா என்று கேட்டறிந்து, அதன்பின் ஊசியின் அளவை நிச்சயிக்க வேண்டும். இதற்கென்று ஒரு சமையலறைத் தராசு வாங்கினோம். முதல் மாதத்தில் எங்கள் வீட்டு இட்லி ஒவ்வொன்றும் வெவ்வேறு எடையுள்ளது என்ற உண்மை வெளிப்பட்டது. இருபது ஆண்டுகளாக அதே இட்லித் தட்டில் வார்த்து வருகிறேன்!

நாளைக்கு நான்கு ஊசி என்றால் ஆண்டுக்கு 1,460. விரல் குத்துவது நாளைக்கு ஆறு முறை என்றால் ஆண்டுக்கு 2,190. நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள இக்காலத்து ஊசி அதிகம் வலிப்பதில்லை. வயிறு, தொடை, கையின் மேற்பகுதி என்று இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் அங்கே தோல் தடித்து மருந்து சரிவர இறங்காது. விரலுக்குப் பதிலாகக் கையில் ஒட்டிக்கொள்ளும் நாணயம் அளவான கருவியும் உண்டு. பதினான்கு நாட்களுக்கு இடைவிடாமல் அளவைக் காட்டும். விலை மிகுதியாதலால் காய்ச்சலின்போதும் பயணத்தின்போதும் மட்டும் நாங்கள் அதைப் பயன்படுத்தினோம்.

நம் நாட்டில் இன்சுலின் வாங்குவோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு உள்ள மருந்தும், 100 அலகு உள்ள மருந்தும் இங்கே ஒருங்கே விற்பனையாகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு நிற மூடி. நூறு அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்து என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே செல்வது பத்தன்று, இருபத்தைந்து. ஒரு குழந்தைக்கு இதனால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் அவசரத்தில் கைமாறிப் போவது எளிது. புட்டியையும் மூடியையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

பகல் கணக்கைவிட இரவுக் கணக்கே கடினமானது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடல் நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறி நினைவு தப்பும். விழித்திருக்கும் குழந்தைக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். நினைவு தப்பிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதற்கென்று உள்ள குளுக்ககான் ஊசியைப் போட வேண்டும். அன்றேல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மாலையில் நன்றாக ஓடியாடிய நாளில், தசைகள் தாம் செலவிட்ட சர்க்கரையை இரவெல்லாம் குருதியிலிருந்து மீட்டுக்கொள்கின்றன. ஆகையால் கிரிக்கெட் ஆடிய நாளின் பின்னிரவே எங்களுக்கு அச்சம் தருவது. என் கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டு மூன்று மணிக்கு எழுந்து, உறங்கும் பிள்ளையின் விரலைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துக் குத்திப் பார்ப்போம். தில்லியின் ஜனவரி இரவில் அவ்விரல் குளிர்ந்திருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால்தான் துளி வரும். அவன் விழிப்பதில்லை. 92 என்றோ 110 என்றோ எண் தோன்றினால் நாங்களும் உறங்குவோம். அந்த ஆண்டில் பதினொரு முறை எண் 60-க்குக் கீழே இருந்தது. ஒவ்வொன்றும் தேதியுடன் குறிப்பேட்டில் உள்ளது.

நிற்க. இனி, அவ்வாண்டிலேயே மிகவும் சோதனையான காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியப்பென்னவெனில், நோய் தணிந்ததாகத் தோன்றிய காலமே அது.

செப்டம்பரில் அவனுக்கு வேண்டிய இன்சுலின் குறையத் தொடங்கியது. நாளொன்றுக்கு 22 அலகாக இருந்தது 15 ஆயிற்று. அக்டோபர் இறுதியில் 8 ஆயிற்று. வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும், அழியாமல் எஞ்சியிருந்த சில அணுக்கள் இளைப்பாறி மீண்டும் சிறிது சுரக்கத் தொடங்கும். பல குழந்தைகளிடம் இது நிகழ்வதே. சில வாரமோ பல மாதமோ நீடிக்கும். பின்னர் அவ்வணுக்களும் அழியும். ஆங்கில மருத்துவர்கள் இதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பெரும் இடர் தந்தது. நீரிழிவு கண்ட பத்து வயதுப் பேரனைப் பற்றி ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரிடம் தேனையும் நிலவையும் சேர்த்துப் பேசுவது எவ்வாறு? 'தணிவுக் காலம்' என்று சொல்லி வைத்தேன். அதுவும் சரியான சொல்லன்று. தணிந்தது நோயன்று, தேவையே.

அத்தை திருவாரூர் மாவட்டத்திலிருந்து தீபாவளிக்கென வந்திருந்தார். ஊசியின் அளவு குறைவதை அவரும் நாள்தோறும் கவனித்து வந்தார். ஊரில் தெரிந்த வைத்தியர் ஒருவர், நாற்பத்தெட்டு நாள் கஷாயத்தில் நோய் அறவே போய்விடும் என்றும், அதுவரை ஊசி போடலாகாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். உறவினர் பலரும் தொலைபேசியில் அதையே வற்புறுத்தினர். "இருபத்திரண்டிலிருந்து எட்டுக்கு வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நின்றுவிடாதா, அம்மா?" என்று அத்தை கேட்டபோது, அவர் குரலில் பிடிவாதம் இல்லை, ஆசையே இருந்தது. அந்த ஆசை எங்களுக்கும் இல்லாமலில்லை. எங்கள் மருத்துவரோ, இக்காலத்தில் ஊசியை நிறுத்திய குழந்தைகள் சில நாட்களிலேயே மயங்கிய நிலையில் திரும்பி வருவதைத் தாம் கண்டிருப்பதாகச் சொன்னார். எஞ்சிய அணுக்கள் சுரப்பது போதாது. ஊசி துணை நிற்பதால்தான் அவை அவ்வளவேனும் சுரக்கின்றன. துணையை விலக்கினால் முதலில் மாள்வது அவையே.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவர் அல்லர். மதுமேகம் என்ற வடசொல்லே, தேன்போல் இனிக்கும் சிறுநீர் என்று பொருள்படுவது. சிறுநீரை எறும்பு மொய்ப்பதை அடையாளமாகக் கொண்டனர். பிறவியோடு வருவது, தகாத உணவால் வருவது என்று இருவகையாகச் சுசுருத சம்ஹிதை பிரித்துக் கூறுகிறது. நோயைக் கண்டறிந்ததில் அவர்கள் எவர்க்கும் பின்னடையவில்லை. ஆயினும் இன்சுலின் அவர்களிடம் இருக்கவில்லை. இன்று வரையிலும் முதல் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு மாற்றாக நிற்கக் கூடிய இலையோ வேரோ கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லலாம்.

எறும்பைப் பற்றிச் சொன்னேன். நீடாமங்கலத்துக்கு அருகே கோயில்வெண்ணி என்னும் ஊர் உண்டு. கரிகாற் சோழன் போரில் வென்ற வெண்ணி அதுவே என்பர். அங்குள்ள கரும்பேசுவரர் கோயிலில், நீரிழிவு கண்டோர் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புகளுக்கு இடுவதாக வேண்டிக்கொள்வது வழக்கம். அத்தைக்கு அந்த வேண்டுதல் இருந்தது. "அத்தை, பள்ளி விடுமுறையில் வெண்ணிக்குப் போவோம். எறும்புக்குச் சர்க்கரையும் போடுவோம். ஊசி மட்டும் ஒரு வேளையும் நிற்காது" என்றேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமியா ஊசி போடாதே என்றார்? வைத்தியன்தானே சொன்னான்" என்றார். அதன்பின் ஊரிலிருந்து வந்த தொலைபேசிகளுக்கு அவரே விடையளித்துவிட்டார். 2024 பிப்ரவரியில் அளவு மீண்டும் 20 அலகுக்கு ஏறியது. தணிவுக் காலம் முடிந்தது. அப்போது வீட்டில் ஒருவரும் அழவில்லை. அத்தையிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தோம் அன்றோ?

ஜனவரியில் ஒரு காய்ச்சல் வந்தது. உணவு உட்கொள்ளாத குழந்தைக்கு ஊசி எதற்கு என்று எவருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. காய்ச்சலின்போது உடல் தானே சர்க்கரையை வெளியிடுவதால், உணவில்லாத நாளிலும் இன்சுலின் தேவை. சில வேளைகளில் மிகுதியாகவே தேவை. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாமேயன்றி நிறுத்தலாகாது.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. முதலில் அவர்கள் அஞ்சினார்கள். வகுப்பில் ஊசி கூடாது என்றார்கள். விளையாட்டுக் குழுவிலிருந்து பெயரை நீக்கினார்கள். சுற்றுலாவுக்குத் தாயும் உடன் வந்தாலன்றி அழைத்துச் செல்ல இயலாது என்றார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே சர்க்கரை மாத்திரையும் பழமும் சிற்றுண்டியும் தண்ணீரும் கொண்டுவர 2017-லேயே அனுமதி அளித்திருக்கிறது. பொதுத்தேர்வில் ஆகுமெனில் ஐந்தாம் வகுப்பில் ஏன் ஆகாது என்று கேட்டோம். இங்கே என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மருத்துவரின் அறிவுரையை ஒரு பக்கத்திற்குள் அடக்கி ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதினேன். ஆசிரியைக்கு ஒன்று, விளையாட்டு ஆசிரியருக்கு ஒன்று, பள்ளிப் பேருந்தில் உடன்வரும் பெண்மணிக்கு ஒன்று. 'குழந்தை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ தனியே அனுப்பாதீர்கள். பையிலுள்ள சர்க்கரையை முதலில் கொடுங்கள். அதன்பின் எங்களை அழையுங்கள்' என்பதே அதன் சாரம். அலுவலகத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றுள் எதுவும் இவ்வளவு விரைவாகச் செயலுக்கு வந்ததில்லை. டிசம்பரில் மகனுடைய பெயர் மறுபடியும் விளையாட்டுக் குழுவில் சேர்ந்தது.

ஒரு குழந்தைக்கு நோய் வந்தால், அக்குழந்தையோடு பிறந்தவர்க்கும் அவ்வாண்டு நோயாண்டே. எங்கள் மகள் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள், பிப்ரவரியில் பொதுத்தேர்வு. தம்பியின் எண்களே உணவு மேசையில் பேச்சாக இருந்தன. ஒருநாள் அவள், "நான் என்ன சாப்பிட்டேன் என்று எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவ்வாரம் முதல் ஞாயிறு காலைப் பொழுது அவளுக்கும் அவள் தந்தைக்கும் உரியதாயிற்று. குறிப்பேடும் தராசும் அப்போது என் பொறுப்பு. அவர்கள் இருவரும் லோதித் தோட்டத்தில் நடந்துவிட்டு, மகன் கண்ணில் படாமல், ஜிலேபி தின்று வருவதாக எனக்குச் செய்தி கிடைத்தது. நான் விசாரிக்கவில்லை.

பொருள் நிலையையும் சொல்லிவிடுதல் நன்று. மத்திய அரசு ஊழியர்களாகிய எங்களுக்கு இன்சுலின் அரசு மருந்தகத்தில் கிடைக்கிறது. பெண் ஊழியருக்குக் குழந்தை பராமரிப்பு விடுமுறை 2008 முதல் உண்டு. பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாட்கள், முதல் 365 நாட்களுக்கு முழுச் சம்பளமும் அடுத்த 365 நாட்களுக்கு நூற்றுக்கு எண்பதும். அதில் 96 நாட்கள் எனக்கு அவ்வாண்டில் செலவாயின. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையாருக்கு இத்தகைய குழந்தை ஒன்று இருந்திருந்தால் அவர் என்ன செய்வார் என்று பலமுறை எண்ணியதுண்டு. நாள் கூலி பெறுபவர் ஆறு முறை விரல் குத்தும் கீற்றுக்கும் நான்கு ஊசிக்கும் எங்கே போவார்? இந்நோயுள்ள குழந்தைகள் மிகுதியாக வாழும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. இன்சுலின் கண்டுபிடித்தவர்கள் ஒரு டாலருக்கு உரிமையைக் கொடுத்த பின்னும், ஏழைக் குழந்தைக்கு அது எட்டாமலிருப்பதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறில்லை.

2024 மே மாத இறுதியில் தில்லியில் வெப்பம் 46 டிகிரியைக் கடந்தது. திறவாத இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. பயன்பாட்டில் உள்ள புட்டி சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஆனால் தில்லி மே மாதத்தின் வெப்பம் சாதாரண வெப்பமன்று. மின்சாரம் நின்ற இரவுகளில் அத்தை சொன்ன உபாயமே உதவிற்று: பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை, இடையே ஈர மணல், சிறிய பானைக்குள் நீர்புகாத டப்பாவில் மருந்து. மணலின் ஈரம் ஆவியாகும்போது உட்புறத்தின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளுக்கு மருத்துவர்களும் இம்முறையைப் பரிந்துரைக்கிறார்கள் என்று பின்னர் அறிந்து அத்தை மகிழ்ந்தார்.

ஜூனில் ஊருக்குப் புறப்பட்டோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும். அங்கிருந்து மன்னார்குடி வண்டியில் நீடாமங்கலம். மருந்தை இரண்டு பைகளாகப் பிரித்து, ஒன்று என்னிடமும் ஒன்று என் கணவரிடமும் இருக்குமாறு கொண்டு சென்றோம். ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்குமல்லவா? போபாலைக் கடந்தபின் காலை உணவுக்கு வண்டியில் இட்லி வந்தது. எடை தெரியாத இட்லி. மகன் ஒன்றைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "நம் வீட்டு இட்லியைவிடக் கொஞ்சம் பெரியது, அம்மா" என்று ஒரு மதிப்புச் சொன்னான். இரண்டு மணி நேரங் கழித்துப் பார்த்தபோது எண் 148.

வெண்ணியில் அவனே ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் இட்டான். பின்னர், அப்பாயி பார்த்துக்கொண்டிருக்க, மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்து மதிய உணவுக்கான ஊசியைத் தன் தொடையில் தானே போட்டுக்கொண்டான். ஊசியைத் தானே போட்டுக்கொள்ள அவன் பழகியது மார்ச்சில். அளவை நிச்சயிப்பது இன்னும் சில ஆண்டுகளுக்கு எங்கள் பொறுப்பாகவே இருக்க வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. குழந்தைக்குக் கைத்திறன் முதலில் வருகிறது, கணக்குப் பொறுப்பு மெல்லவே வருகிறது, முழுச் சுமையையும் விரைவில் இறக்கி வைத்தால் வளரும் பருவத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள் என்றார். சிவப்பணுக்களில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 2023 ஜூலையில் 12.4 விழுக்காடு காட்டியது. 2024 ஜூலையில் 7.4 காட்டியது. கண்ணையும் சிறுநீரகத்தையும் ஆண்டுதோறும் பார்க்கும் பரிசோதனைகளை இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தொடங்கினால் போதும் என்று சொல்லி, மருத்துவர் எங்களுக்கு இரண்டாவது குறிப்பேட்டைக் கொடுத்தார்.